கோழிக்காலை வைத்துத் தசையைப் படிப்பது எப்படி

பள்ளி ஆய்வகங்களில் தவளையை அறுத்துப் பார்க்கும் வழக்கம் ஏறக்குறைய நின்றுவிட்டது. அது நல்ல முடிவு என்பதே என் கருத்து. ஆனால் அதன் பிறகு, தசை என்னும் பாடம் பெரும்பாலான மாணவர்களுக்கு மூன்று வகைகளின் பெயர்ப் பட்டியலாகவும் தேர்வுக்கு வரைந்து பழகும் ஒரு படமாகவும் சுருங்கிவிட்டது. உணவுக்காக ஏற்கெனவே வெட்டப்பட்டுச் சமையலறைக்கு வந்து சேர்ந்துவிட்ட கோழியின் காலையும் நெஞ்சையும் ஓரிரு மணி நேரம் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால், அந்தப் படத்தில் உள்ளவற்றில் பாதிக்கு மேல் கையிலேயே தட்டுப்படும். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்கள், பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்து பார்க்கத் தக்க முறையை இங்கே விளக்குகிறேன். இறைச்சியைத் தொட விரும்பாதவர்கள், தம் உடலிலேயே செய்து பார்க்கும் சோதனைகள் உள்ள பகுதிக்கு நேராகச் செல்லலாம்.

தொடங்கும் முன் ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: தசையால் இழுக்க மட்டுமே முடியும்; தள்ள முடியாது. சுருங்கும்போது அது தன் இரு முனைகளையும் ஒன்றை நோக்கி ஒன்றாக இழுக்கிறது. பழைய நீளத்துக்குத் தானாகத் திரும்பும் ஆற்றல் அதற்கு இல்லை. வேறொன்று அதை இழுத்து நீட்ட வேண்டும். இனி நீங்கள் பார்க்கப்போகும் ஒவ்வோர் உறுப்பிலும், "இதை இழுப்பது எது, திரும்ப நீட்டுவது எது" என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போங்கள். எலும்புகளின் வடிவமும் தசைகளின் அமைவிடமும் ஏன் அப்படி இருக்கின்றன என்பது பெரும்பாலும் அந்தக் கேள்விகளிலேயே விளங்கிவிடும்.

வாங்குவதும் ஆயத்தம் செய்வதும்

கடையில் துண்டு போடச் சொல்லாதீர்கள். தொடையும் கீழ்க்காலும் சேர்ந்த முழுக்கால் ஒன்று, கூடுமானால் தோலோடும் பாதத்தோடும் வேண்டும். பிராய்லர் கடைகளில் தோலை உரிக்கும்போதே பாதத்தை வெட்டிவிடுவது வழக்கம் என்பதால், முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. மஞ்சள் தடவித் தீயில் வாட்டித் தரும் நாட்டுக்கோழி என்றால் தோல் இருக்கும். இறக்கை ஒட்டிய, எலும்போடு கூடிய முழு நெஞ்சுப் பகுதியும், இதயமும், தீனியை அரைக்கும் தசைப்பையான அரைவைப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இவை எல்லாம் ஒரே கோழியிலிருந்து வந்தால் ஒப்பிடுவதற்கு மிக வசதியாக இருக்கும்.

வாங்கிய உடனே அறுக்காமல், குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் எடுங்கள். உறைநிலைப் பகுதியில் வைக்கக் கூடாது. அங்கே உருவாகும் பனிப்படிகங்கள் தசையிழைகளின் உறைகளைக் கிழித்துவிடும். ஓர் இரவு காத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்போதுதான் வெட்டிய கோழியின் துண்டுகள் சில நேரம் தட்டிலேயே துடிப்பதைக் கடையில் பார்த்திருப்பீர்கள். உயிர் போன பிறகும் தசை செல்களில் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு சிறிது நேரம் மிச்சமிருப்பதே அதற்குக் காரணம். அது தீர்ந்ததும் தசை விறைத்துவிடுகிறது. தசை சுருங்குவதற்கு ஆற்றல் வேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது. பிடித்த பிடியை விடுவதற்கும் ஏடிபி வேண்டும் என்பதைப் பலர் அறியார். ஏடிபி இல்லாதபோது உள்ளே இருக்கும் புரத இழைகள் ஒன்றையொன்று பற்றிய நிலையிலேயே பூட்டிக்கொள்கின்றன. பிணம் விறைப்பதும் இதே காரணத்தால்தான். சில மணி நேரம் கழிந்ததும் தசையில் உள்ள நொதிகள் அந்த இழைகளின் கட்டுமானத்தைச் சிறிது சிறிதாக அறுக்கத் தொடங்க, இறைச்சி மறுபடி இளகுகிறது. இளகிய இறைச்சியில்தான் தசைகளைத் தனித்தனியாகப் பிரிப்பது எளிது.

கருவிகள் என்று பெரிதாக எதுவும் தேவையில்லை. சமையல் கத்தரி, கூரிய சிறு கத்தி, இடுக்கி, இரண்டு தையல் ஊசிகள், வெள்ளைத் தட்டு, கையுறை ஆகியவை போதும். பச்சைக் கோழி இறைச்சியில் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். ஆகவே இறைச்சியைக் குழாயடியில் பிடித்து நீர் தெறிக்கக் கழுவாதீர்கள். காய்கறி வெட்டும் பலகையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் கையையும் கருவிகளையும் மேசையையும் சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

காலைப் பிரித்தல்

தொடையின் உட்புறத்தில் தோலை மட்டும் கிள்ளித் தூக்கிக் கத்தரியால் நீளவாக்கில் வெட்டி, விரலால் உரித்து எடுங்கள். தோலுக்கு அடியில் மஞ்சள் நிறக் கொழுப்பும், அதற்கும் கீழே ஈரமாக மின்னும் மெல்லிய சவ்வும் தெரியும். தசையைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவின் உறை அது. இனிக் கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள். தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை, தசையைக் கத்தியால் பிரிக்க முயல்வதுதான். இரண்டு தசைகள் சந்திக்கும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தென்படும். அந்தக் கோட்டில் விரல் நுனியையோ இடுக்கியின் மழுங்கிய முனையையோ வைத்து மெதுவாக நகர்த்தினால் தசைகள் தாமாகவே விலகிக்கொடுக்கும். சமையலில் ஒரே கறியாகத் தெரிந்த கீழ்க்கால், பத்துக்கு மேற்பட்ட தனித்தனித் தசைகளின் தொகுப்பு என்பது அப்போது தெரியவரும். ஒவ்வொன்றுக்கும் தனி உறை உண்டு, தனி வேலை உண்டு.

கீழ்க்காலின் பின்புறத்தில் பருத்து நிற்பது கெண்டைத்தசை. நம் கெண்டைக்காலில் இருப்பதும் இதே தசைதான். அதைக் கீழ்நோக்கித் தொடர்ந்து போனால், சிவந்த சதை குறுகி வெண்மையாகப் பளபளக்கும் உறுதியான பட்டையாக மாறி, மூட்டின் பின்புறத்தைக் கடந்து எலும்பில் சென்று ஒட்டுவதைக் காணலாம். அதுவே தசைநாண். பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனது. சுருங்காது, இழுவையைக் கடத்த மட்டும் செய்யும். மூட்டுக்கு அருகே எலும்பையும் எலும்பையும் நேரடியாகப் பிணைக்கும் வேறு சில வெள்ளைப் பட்டைகளும் இருக்கும். அவை லிகமெண்டுகள்; அவற்றின் முனையில் சதை இருக்காது என்பதை வைத்து வேறுபாட்டை உணரலாம்.

இப்போது தொடையைத் தட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கெண்டைத்தசையை மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள், கணுமூட்டு நீளும். முன்புறத் தசையை இழுத்தால் அதே மூட்டு மடங்கும். கெண்டைத்தசைக்கு அடியில் ஆழமாகப் புதைந்திருக்கும் மெல்லிய தசைகளைத் தேடிப்பிடித்து இழுத்தால், அவற்றின் நீண்ட தசைநாண்கள் பாதத்தின் பின்புறம் வழியாக ஓடி விரல்களை உள்நோக்கிச் சுருட்டுவதைக் காண்பீர்கள். பாதம் தனியாகத்தான் கிடைத்தது என்றாலும் கவலையில்லை. வெட்டுமுகத்தில் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கும் தசைநாண்களைத் துணியால் பற்றி ஒவ்வொன்றாக இழுங்கள். பின்புறம் இருப்பவை விரல்களை மடக்கும், முன்புறம் இருப்பது விரல்களை விரிக்கும். பிள்ளைகள் விளையாட்டாகச் செய்யும் காரியம்தான் இது. ஆனால் எதிரெதிர்த் தசைகள் இணையாக வேலை செய்கின்றன என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை வேறில்லை. மடக்கிய விரலை மடக்கிய தசையால் நிமிர்த்த முடியாது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தசை இருந்தே ஆக வேண்டும்.

விரலை அசைக்கும் சதை விரலில் இல்லாமல் அவ்வளவு தொலைவில் இருப்பது ஏன் என்று ஒரு மாணவர் கேட்டால், ஆட்டுக்கால் சூப்பை நினைவூட்டுங்கள். கடையில் ஆட்டுக்கால் என்று விற்கப்படும் கீழ்ப்பகுதியில் எலும்பும் தோலும் தசைநாணும் இருக்குமே ஒழியச் சதை கிடையாது எனலாம். குதிரைக்கும் முன்னங்கால் முட்டிக்குக் கீழே அப்படித்தான். ஓடும் விலங்கு ஒவ்வோர் அடிக்கும் காலின் நுனியை முன்னும் பின்னும் வீச வேண்டியிருக்கிறது. நுனியில் கனம் குறையக் குறைய அதற்கான ஆற்றலும் குறையும். அதனால் கனமான சதை உடலருகே இருக்க, இழுவை மட்டும் நீண்ட தசைநாண்கள் வழியாகக் கீழே போய்ச் சேர்கிறது. கால் தரையில் ஊன்றும்போது அந்தத் தசைநாண்கள் சிறிதளவு நீண்டு ஆற்றலைச் சேமித்து, அடியெடுக்கும்போது திருப்பித் தருகின்றன. சூப் ஆறியதும் பாகாக உறைவதற்கும், நெடுநேரம் கொதித்த கொலாஜன் ஜெலட்டினாக மாறிவிடுவதே காரணம்.

தொடைப்பகுதியில் இன்னொன்றையும் தவறவிடாதீர்கள். தொடையெலும்புக்குப் பின்னே தசைகளைப் பிளந்து பார்த்தால், மங்கிய வெண்ணிறத்தில் சற்றுத் தட்டையான, மென்மையான கயிறு ஒன்று ஓடும். அருகில் கருஞ்சிவப்பு இரத்தக்குழாய் இருக்கும். அதுவே இடுப்பு நரம்பு. நம் காலில் ஓடும் சயாட்டிக் நரம்புக்கு நிகரானது. தசைநாண் பளபளப்பாகவும் கடினமாகவும் இருக்க, நரம்பு பளபளப்பின்றி விரலுக்கு மெத்தென்று இருக்கும். அதைப் பின்தொடர்ந்தால் கிளை கிளையாகப் பிரிந்து ஒவ்வொரு தசைக்குள்ளும் நுழைவது தெரியும். ஒரு நரம்புச் செல் எத்தனை தசையிழைகளை ஆள்கிறது என்பது தசைக்குத் தசை மாறும். மனிதக் கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு நரம்புச் செல்லின் ஆளுகையில் பத்து இழைகள் அளவில் இருக்க, கெண்டைக்காலில் அது ஆயிரத்தைத் தாண்டும். நுட்பமான அசைவு வேண்டிய இடத்தில் சிறு சிறு குழுக்களும், வலிமை வேண்டிய இடத்தில் பெருங்குழுக்களும் அமைந்திருக்கின்றன.

நெஞ்சில் ஒளிந்திருக்கும் கப்பி

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்பவர்கள் இந்தப் பகுதியைச் செய்யுங்கள். பறவை இறக்கையைக் கீழே அடிப்பதற்கு நெஞ்சின் பெரிய தசை சுருங்கினால் போதும். இறக்கையை மேலே தூக்கும் தசை எங்கே இருக்க வேண்டும்? முதுகில் இருக்க வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் கோழியின் முதுகில் அப்படிப் பெருத்த தசை எதுவும் இல்லை.

நெஞ்சின் நடுவே நிற்கும் கூர்மையான எலும்புத் தகட்டை ஒட்டிக் கத்தியைச் செலுத்தி, மேலே உள்ள பெரிய தசையைத் தோள்பட்டை நோக்கி மெல்ல உரித்துத் தூக்குங்கள். அதன் அடியில் நீள்வடிவில் தனியாக ஒரு தசை படுத்திருக்கும். எலும்பில்லாத நெஞ்சுக் கறியைச் சமைப்பவர்கள், நடுவே வெள்ளைத் தசைநாண் ஓடும் அந்தச் சிறு துண்டை நன்கு அறிவார்கள். அந்தத் தசைநாண் தோளருகே மூன்று எலும்புகள் கூடி உண்டாக்கும் துளைக்குள் நுழைந்து, மேற்புறம் வெளிவந்து, வளைந்து, இறக்கை எலும்பின் மேற்பக்கத்தில் ஒட்டுகிறது. இறக்கையைத் தளர்வாக விட்டுவிட்டு அந்தச் சிறு தசையைப் பற்றி வால்பக்கமாக இழுங்கள். இறக்கை மேலே எழும். பெரிய தசையை அதே திசையில் இழுங்கள். இறக்கை கீழே இறங்கும். இரண்டு தசைகளும் ஒரே எலும்பிலிருந்து, ஏறக்குறைய ஒரே திசையில்தான் இழுக்கின்றன. கப்பியின் மேல் வளைந்து செல்லும் தசைநாணால் ஒன்றின் விளைவு தலைகீழாகிவிடுகிறது. கனமான தசைகள் இரண்டும் உடலின் அடிப்பக்கத்தில் அமைவதால் பறக்கும்போது பறவை நிலைதடுமாறுவதும் குறைகிறது. தள்ளத் தெரியாத ஒரு திசுவைக் கொண்டு தூக்கும் வேலையையும் வாங்கியிருக்கும் இந்த அமைப்பை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

நெஞ்சுக் கறியையும் தொடைக் கறியையும் அருகருகே வைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். தொடை சிவந்திருப்பதற்குக் காரணம் இரத்தம் அன்று. மயோகுளோபின் என்னும் புரதம். பொட்டலத்தின் அடியில் தேங்கும் சிவப்பு நீரும் பெரும்பாலும் அதுவே. ஆக்சிஜனைத் தசைக்குள்ளேயே பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. 1958-இல் ஜான் கெண்ட்ரூ முப்பரிமாண வடிவத்தை முதன்முதலாகக் கண்டுகாட்டிய புரதமும் இதுதான். நீண்ட நேரம் மூச்சடக்கி ஆழ்கடலில் மூழ்கும் எண்ணெய்த் திமிங்கிலத்தின் தசையிலிருந்து அதை அவர் எடுத்தார், ஏனெனில் அத்திமிங்கிலத்தின் தசையில் அது மிகுதியாக உள்ளது. நாள் முழுவதும் நிற்கவும் நடக்கவும் வேண்டிய கோழிக்காலுக்கு, ஆக்சிஜனைக் கொண்டு மெதுவாகவும் சளைக்காமலும் வேலை செய்யும் இழைகள் வேண்டும். ஆபத்து வரும்போது சில விநாடிகள் படபடவென எழும்பிப் பறக்க மட்டுமே பயன்படும் நெஞ்சில், தசையில் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜனை எரித்து விரைவாகச் சுருங்கி விரைவாகக் களைத்துப்போகும் இழைகள் மிகுதி. நெடுந்தொலைவு பறக்கும் புறாவின் நெஞ்சு கருஞ்சிவப்பாக இருக்கும். மீன் கடையில் வஞ்சிரத் துண்டைப் பாருங்கள்: வெளிறிய சதையின் நடுவே, பக்கவாட்டுத் தோலை ஒட்டிக் கருஞ்சிவப்புப் பட்டை ஒன்று தெரியும். அமைதியாக நீந்தும்போது உழைப்பது அந்தப் பட்டை. பாய்ந்து இரை பிடிக்கும்போது உழைப்பது மற்றச் சதை. மனிதத் தசைகளில் இவ்விரு வகை இழைகளும் கலந்தே இருக்கின்றன. எது எவ்வளவு என்பது தசைக்குத் தசையும் ஆளுக்கு ஆளும் மாறும்.

பிராய்லர் கோழியின் நெஞ்சில் இழைகளுக்கு இணையாக மெல்லிய வெள்ளைக் கோடுகள் சில நேரம் தென்படும். ஐந்தாறு வாரங்களில் இரண்டு கிலோ அளவுக்கு வளரும்படி தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனங்களில், சிதைந்துபோன தசையிழைகளின் இடத்தைக் கொழுப்பும் இணைப்புத் திசுவும் நிரப்புவதால் அவை உண்டாகின்றன. நோய்க்கிருமியால் வருவதன்று, ஆயினும் மாணவர்கள் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

வேகவைத்து இழையாகப் பிரித்தல்

நெஞ்சுக் கறியில் ஒரு துண்டையும் கெண்டைத்தசை முழுவதையும் உப்பிடாமல் இருபது நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். வெந்த நெஞ்சுக் கறி நார் நாராகப் பிரியும் என்பது நமக்குத் தெரியும். ஒவ்வொரு நாரும் ஒரு தசைக்கற்றை. கற்றையைச் சுற்றியிருந்த இணைப்புத் திசு வெப்பத்தில் இளகியதால்தான் அது பிரிகிறது. ஒரு கற்றையைக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் வைத்து, இரண்டு ஊசிகளால் பிளந்துகொண்டே போனால் கண்ணுக்கு எட்டும் எல்லையில் மிக மெல்லிய இழை ஒன்று கிடைக்கும். தசையின் செல் அதுவே. குறுக்களவு 10 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். நீளமோ சென்டிமீட்டர் கணக்கில் இருக்கக்கூடும். பல செல்கள் கருவிலேயே ஒன்றோடொன்று இணைந்து உருவானதால், ஒரே இழைக்குள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் இருக்கும்.

கெண்டைத்தசையை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால் வேறொரு அமைப்புத் தெரியும். அங்கே இழைகள் தசையின் நீளத்துக்கு இணையாக ஓடாமல், தசைநாணை நோக்கிச் சாய்வாக வந்து ஒட்டுகின்றன. சாய்வாக அடுக்கும்போது அதே இடத்துக்குள் மிகுதியான இழைகளை அடக்கலாம். விசை கூடும், சுருங்கும் தொலைவு குறையும். உடல் எடையைத் தாங்கும் தசைக்கு அந்த ஏற்பாடு பொருந்தும்.

பள்ளியில் 400 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கி இருந்தால், நன்றாகப் பிரித்த இழையின் மேல் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் என்னும் சாயம் விட்டு, மூடுதகடு வைத்து, ஒளியைக் குறைத்துப் பாருங்கள். இழைக்குக் குறுக்கே நெருக்கமான கோடுகள் தெரியும். இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட தூரம் சுமார் இரண்டு மைக்ரோமீட்டர்தான் என்பதால், ஒளியைச் சரிசெய்யப் பொறுமை வேண்டும். அந்த ஒவ்வொரு கட்டமும் சார்கோமியர் எனப்படும் அடிப்படை அலகு.

அதற்குள் நடப்பதை இனி மனக்கண்ணால்தான் காண வேண்டும். ஆக்டின் என்னும் மெல்லிய இழைகள் இருபுறத்திலிருந்தும் நீண்டு வர, நடுவே மயோசின் என்னும் தடித்த இழைகள் இருக்கின்றன. நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் என்னும் வேதித் தூது சுரந்ததும் தசையிழையின் சவ்வில் மின் அலை ஒன்று பரவி உள்ளே இறங்குகிறது. இழைக்குள் சேமிப்பில் இருந்த கால்சியம் அயனிகள் வெளிப்படுகின்றன. அவை ஆக்டின் இழையின் மேல் உள்ள டிரோபோனின் என்னும் புரதத்தோடு சேர, ஆக்டினை மறைத்துக்கொண்டிருந்த டிரோபோமயோசின் என்னும் இன்னொரு புரதம் விலகுகிறது. திறந்த இடங்களை மயோசினின் தலைகள் பற்றி இழுக்கின்றன. ஒவ்வொரு தலையும் பற்றி, இழுத்து, ஏடிபி வந்ததும் விட்டு, சற்றுத் தள்ளி மறுபடி பற்றுகிறது. கிணற்றிலிருந்து வாளியை இரு கையாலும் மாற்றி மாற்றி இழுத்து ஏற்றுவதைப் போன்ற வேலை அது. இழைகளின் நீளம் மாறுவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று நழுவுவதால் சார்கோமியர் குறுகுகிறது. 1954-இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் ஒரு புறமும், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மறுபுறமும் தனித்தனியே ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்தார்கள். தசை சுருங்கும்போது கோடுகளில் அடர்ந்த பட்டையின் அகலம் மாறாமல் இருக்க, வெளிறிய பட்டை மட்டும் குறுகுவதை அவர்கள் நுண்ணோக்கியில் கண்டதே அதற்கு முதன்மையான சான்று. மயோசினின் தலைக்குத் தள்ளத் தெரியாது என்பதால்தான் முழுத் தசைக்கும் தள்ளத் தெரியவில்லை.

இதயமும் அரைவைப்பையும்

கோழியின் இதயத்தை நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிக் குறுக்காக வெட்டுங்கள். இடது அறையின் சுவர் தடித்து வட்டமாக நிற்கும். வலது அறை மெல்லிய சுவரோடு பிறை வடிவில் அதைத் தழுவியிருக்கும். ஒன்று உடல் முழுமைக்கும் இரத்தத்தை அனுப்ப வேண்டும், மற்றது அருகிலுள்ள நுரையீரலுக்கு அனுப்பினால் போதும். இதயத்தசையிலும் குறுக்குக் கோடுகள் உண்டு. ஆனால் செல்கள் சிறியவை, கிளைத்தவை, முனைகளில் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவை. ஒரு செல்லில் எழும் மின் அலை அடுத்ததற்குத் தாவுவதால் முழு அறையும் சேர்ந்து சுருங்குகிறது. துடிப்பு இதயத்திலேயே தோன்றுகிறது. அதை விரைவாக்கவும் தணிக்கவும் மட்டுமே நரம்புகள் வேண்டும். நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் மனித இதயம் ஒரு நாளில் ஒரு லட்சம் முறைக்கு மேல் சுருங்குகிறது. சுருங்கிய அறையை மறுபடி விரிப்பது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதிர்த்தசை அங்கே இல்லை. தளர்ந்த சுவரின் மீள்தன்மையும் உள்ளே வந்து நிரம்பும் இரத்தமுமே அந்த வேலையைச் செய்கின்றன.

அரைவைப்பை கருஞ்சிவப்பாகவும் கெட்டியாகவும் இருப்பதால் கால்தசையின் இனம் என்று எண்ணத் தோன்றும். வேகவைத்துப் பிய்த்துப் பாருங்கள். நெஞ்சுக் கறி பிரிவதுபோல் நீண்ட நாராகப் பிரியாது. அது மென்தசை. அதன் செல்கள் ஒரு மில்லிமீட்டரை எட்டாத, நடுவில் பருத்து இரு முனையும் கூம்பிய செல்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் உட்கருதான். ஆக்டினும் மயோசினும் அங்கேயும் உண்டு, ஆனால் வரிசையாக அடுக்கப்படாததால் குறுக்குக் கோடுகள் இல்லை. நம் குடல், இரத்தக்குழாய்ச் சுவர், சிறுநீர்ப்பை, கருப்பை ஆகியவற்றில் இருப்பது இந்த வகையே. மெதுவாகச் சுருங்கும், குறைந்த ஆற்றலில் நெடுநேரம் பிடித்திருக்கும், நம் விருப்பத்தைக் கேட்காது.

உங்கள் உடலிலேயே சோதிப்பது

மேசைக்கு அடியில் உள்ளங்கையை வைத்து மேசையைத் தூக்க முயலுங்கள். மறுகையால் மேற்கையின் முன்புறத்தைத் தொட்டால் இருதலைத் தசை இறுகியிருக்கும். அதே கையை மேசையின் மேல் வைத்து அழுத்துங்கள். முன்புறம் தளர்ந்து பின்புற முத்தலைத் தசை இறுகும். கை மேசையைத் தள்ளுகிறது. தசையோ அப்போதும் முழங்கையின் பின்புறத்தை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். இருதலைத் தசை முழங்கை மூட்டிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளி எலும்பில் ஒட்டுகிறது. உள்ளங்கை சுமார் 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. முன்கையைக் கிடையாக நீட்டி 5 கிலோ அரிசிப் பையைத் தாங்கினால், கையின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்காமலேயே, தசைகள் சுமார் 35 கிலோ எடைக்கு நிகரான விசையோடு இழுக்க வேண்டும். இது இழப்பாகத் தோன்றலாம். ஆனால் தசை ஒரு சென்டிமீட்டர் சுருங்கினால் கை ஏழு சென்டிமீட்டர் நகர்கிறது. விசையைக் கொடுத்து வேகத்தை வாங்கும் பேரம் இது. ஓடும் விலங்குகளில் தசைநாண்கள் மூட்டுக்கு அருகிலும், மண்ணைத் தோண்டும் விலங்குகளில் மூட்டிலிருந்து தள்ளியும் ஒட்டுவதற்குக் காரணமும் இந்தப் பேரம்தான்.

உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்நோக்கி மடக்கி வைத்துக்கொண்டு, மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். மோதிர விரல் மட்டும் எழ மறுக்கும். விரல்களை நிமிர்த்தும் தசைநாண்கள் புறங்கையில் குறுக்குப் பட்டைகளால் பிணைக்கப்பட்டிருப்பதால், நடுவிரல் மடங்கியிருக்கும்போது மோதிர விரலின் தசைநாணும் கட்டுண்டுவிடுகிறது. அடுத்ததாக, கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து மணிக்கட்டைச் சற்று உள்நோக்கி மடக்குங்கள். பலருக்கு மணிக்கட்டின் நடுவே ஒரு தசைநாண் புடைத்து எழும். ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு அந்தத் தசை பிறவியிலேயே இருக்காது. இல்லாவிட்டாலும் ஒரு குறையும் இல்லை. வேறிடத்தில் தசைநாண் பழுதானால், அறுவை மருத்துவர்கள் இதை எடுத்து அங்கே ஒட்டவைப்பதும் உண்டு.

மென்தசையைப் பார்க்க ஒரு கண்ணாடியும் விளக்கும் போதும். கண்ணை ஒரு நிமிடம் கையால் மறைத்திருந்து, விளக்கொளியில் சட்டென்று திறந்தால் கண்ணின் நடுவே கரிய துளையாகத் தெரியும் பாவை சுருங்குவதைக் காணலாம்; மனத்தால் எவ்வளவு முயன்றாலும் அதைத் தடுக்க முடியாது. பறவைகளின் பாவையைச் சுருக்குவது மட்டும் குறுக்குக் கோடுகள் உள்ள வரித்தசை என்பது இங்கே சொல்லத் தக்க ஒரு விலக்கு.

விதியைச் சோதிக்கும் உயிரினங்கள்

தசையால் தள்ள முடியாது என்றால் நாக்கு எப்படி வெளியே நீள்கிறது என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள், கேட்க வேண்டும். நாக்கிலும் யானையின் துதிக்கையிலும் எலும்பு இல்லை. அவற்றின் நீர் நிறைந்த சதையின் கன அளவு மாறாது. குறுக்கே ஓடும் இழைகள் சுருங்கி அதைக் குறுகச் செய்தால், நீளத்தில் கூடியே தீர வேண்டும். அங்கேயும் நடப்பது இழுவைதான்.

சிலந்தியின் விடை இன்னும் விந்தையானது. அதன் காலில் சில மூட்டுகளுக்கு மடக்கும் தசை உண்டு, நீட்டும் தசை இல்லை. உடலின் திரவத்தை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்தித்தான் அது காலை நீட்டுகிறது. செத்த சிலந்தி எட்டுக் கால்களையும் உள்நோக்கி மடக்கிக் கிடப்பதற்கு அந்த அழுத்தம் இல்லாமல் போவதே காரணம். வீட்டின் மூலையில் ஒன்று கிடைத்தால் அதையும் பார்வைக்கு எடுத்துவைக்கலாம்.

படம் வரைவதாக இருந்தால் பெயர்களை எழுதும் முன், ஒவ்வொரு தசையின் அருகிலும் அது இழுக்கும் திசையை அம்புக்குறியால் காட்டி, எதிர்ப்பக்கத்தில் அதை நீட்டுவது எது என்று எழுதச் சொல்லுங்கள். பெயரை மறந்த மாணவரும் அந்த அம்புக்குறியிலிருந்து வேலையைக் கண்டுபிடித்துவிடுவார். சாயம் பட்டதும் நெடுநேரம் வெளியில் இருந்ததுமான துண்டுகளை உண்ணக் கூடாது. அவற்றையும் கையுறைகளையும் நாளிதழில் நன்றாகச் சுற்றி, நாயும் காகமும் இழுக்காதபடி மூடிய குப்பைத்தொட்டியில் அன்றே போட்டுவிடுங்கள்.